அழற்சி வந்தால் ரத்தம் ஏன் உறைகிறது? சைட்டோகைன்களும் தட்டணுக்களும்

மூட்டுவாதம், குடல் அழற்சி, நுரையீரல் தொற்று என்று உடலில் ஏதோ ஓரிடத்தில் அழற்சி இருக்கும்போது, கால் சிரையிலோ நுரையீரல் தமனியிலோ ரத்தம் கட்டுவது ஏன் என்பது கேள்வி. கூடவே இன்னொன்றும் கேட்கப்பட்டிருக்கிறது: அழற்சியில் சிலருக்கு பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களின் எண்ணிக்கை ஏறுகிறது, சிலருக்கு இறங்குகிறது. இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்க முடியுமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அழற்சியின்போது நோயெதிர்ப்பு அணுக்கள் வெளியிடும் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்கள், குறிப்பாக இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். ஆகிய மூன்றும், ரத்தத்தோடு உடல் முழுக்கப் போகின்றன. போகிற வழியில் ரத்தக்குழாயின் உட்சுவரையும், மோனோசைட் என்ற வெள்ளணுவையும், கல்லீரலையும், எலும்பு மஜ்ஜையையும் மாற்றி அமைக்கின்றன. இந்த நான்கும் மாறியபின் தட்டணு சும்மா இருக்க முடியாது. தட்டணு ஏறுவதும் இறங்குவதும் இதே தொடரின் இரண்டு கட்டங்கள்தான். இனி விரிவாகப் பார்ப்போம்.

தட்டணு என்பது 2 முதல் 3 மைக்ரான் அகலமுள்ள, உட்கரு இல்லாத ஒரு துண்டு. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மெகாகேரியோசைட் என்ற பெரிய அணு தன் உடலிலிருந்து பிய்த்து விடும் துணுக்கு அது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை முதல் நான்கரை லட்சம் வரை இருக்கும். ஆயுள் 7 முதல் 10 நாட்கள். குழாய் கிழிந்த இடத்தில் ஒட்டி அடைப்பதுதான் இதன் வேலை என்று நெடுங்காலம் நினைத்திருந்தோம். அது பொய்யல்ல, ஆனால் பாதிதான்.

சைட்டோகைன் நேராகத் தட்டணுவின் மேல் விழுந்து அதைத் திரளச் செய்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். சோதனைக் குழாயில் தட்டணுக்களை எடுத்து இன்டர்லூக்கின்-6 சேர்த்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆனால் அதன்பிறகு மிகக் குறைந்த அளவு ஏ.டி.பி., த்ராம்பின் போன்ற தூண்டும் பொருளைச் சேர்த்தால், வழக்கமாகத் தட்டணு கண்டுகொள்ளாத அந்தச் சிறு அளவுக்கே அது துள்ளி எழுகிறது. வெள்ளணுக்களை ஈர்க்கும் சைட்டோகைன்களான கீமோகைன்கள் சிலவும் இப்படித்தான். சைட்டோகைன் சுள்ளியைக் காய வைக்கிறது, பொறி வேறு இடத்திலிருந்து வருகிறது. தட்டணு எவ்வளவு எளிதில் தூண்டப்படும் என்ற எல்லையை அது கீழே இறக்கிவிடுகிறது என்பதே சரியான கூற்று. ஆகவே பொறி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கவனம் வேண்டும்.

அது வருவது பெரும்பாலும் குழாயின் உட்சுவரிலிருந்து. எண்டோதீலியம் என்ற ஒற்றை அடுக்கு அணுக்களால் ஆன அந்தச் சுவர், நலமாக இருக்கும்போது நாள் முழுவதும் ரத்தத்தை உறையவிடாமல் காக்கும் வேலையைச் செய்கிறது. நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாசைக்ளினும் வெளியிட்டு தட்டணுக்களை அமைதியாக வைக்கிறது. த்ராம்போமாடுலின் என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில் நிறுத்தியிருக்கிறது. உறைதலின் நடுநாயகமான த்ராம்பின் அந்தப் புரதத்தில் வந்து ஒட்டியதும் குணம் மாறிவிடும்: ரத்தக் கட்டியின் இழைகளான ஃபைப்ரினை உண்டாக்குவதை விட்டு, உறைதலை அடக்கும் புரதம் சி-யைக் கிளப்பிவிடும். உறைய வைக்கும் அணியின் தலைவனையே உறைதலை நிறுத்த வேலை வாங்கும் இந்த ஏற்பாட்டைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைந்ததே இல்லை.

டி.என்.எஃப்.பும் இன்டர்லூக்கின்-1-ம் வந்து சேர்ந்ததும் இந்தச் சுவர் முகம் மாறுகிறது. த்ராம்போமாடுலின் உற்பத்தி குறைகிறது, இருப்பதும் வெட்டப்பட்டு ரத்தத்தில் கலந்துவிடுகிறது. புரதம் சி-யைப் பிடித்துக்கொடுக்கும் ஏற்பியும் குறைகிறது. நலமான நாளில் த்ராம்பினை அடக்கி வைத்த பிரேக் இப்போது பிடிப்பதில்லை. அதே சமயம் சுவர் அணுக்களுக்குள் சேமித்து வைத்திருந்த வைபெல்-பலாடே உறைகள் வெடித்து, வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீண்ட இழைப் புரதமும் பி-செலக்டின் என்ற ஒட்டும் புரதமும் வெளியே வருகின்றன. வான் வில்லிபிராண்ட் இழைகள் எவ்வளவு நீளமோ அவ்வளவு நன்றாகத் தட்டணுக்கள் அவற்றில் ஒட்டும். நீண்ட இழைகளைத் துண்டாக்கி ஆபத்தைக் குறைக்க ஆடம்ட்ஸ்-13 என்ற நொதி இருக்கிறது. ஆய்வகச் சோதனைகளில், டி.என்.எஃப்.பும் இன்டர்லூக்கின்-8-ம் இழைகளை அதிகமாக வெளியே விட்டன, இன்டர்லூக்கின்-6 அந்த நொதியின் வெட்டும் வேலையைத் தடுத்தது. ஒன்று இழையைக் கூட்டுகிறது, மற்றொன்று கத்தரியை முடக்குகிறது. காயமே இல்லாத குழாயில் தட்டணுக்கள் வரிசையாக ஒட்டிக்கொள்வதற்கு இது போதும்.

அடுத்தது மோனோசைட். திசுக் காரணி என்ற புரதம் சாதாரணமாக ரத்தத்தோடு தொடர்பே இல்லாமல் குழாயின் வெளிப்புறத்தில்தான் இருக்கும். குழாய் கிழிந்து ரத்தம் வெளியே வந்தால்தான் அது ரத்தத்தைத் தொடும். தொட்டதும் ஏழாம் காரணியோடு சேர்ந்து பத்தாம் காரணியைத் தூண்டி, த்ராம்பின் வரை தொடர் ஓடும். அழற்சியில் நடக்கும் பெரிய விபரீதம், ரத்தத்துக்குள்ளேயே சுற்றும் மோனோசைட்டுகள் இந்தத் திசுக் காரணியை மேலே காட்டத் தொடங்குவது. பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சு, இன்டர்லூக்கின்கள், டி.என்.எஃப். எல்லாமே அதைச் செய்ய வைக்கும். காயம் வெளியே இருக்க, காயத்தின் சமிக்ஞை உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. 2019-இல் எலிகளில் தெரிய வந்தது இன்னும் கடுமையானது: தொற்றைக் கண்டு, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் பைராப்டோசிஸ் என்ற முறையில் வெடித்துச் சாகும்போது, அவற்றின் சவ்வுத் துகள்கள் மூலம் திசுக் காரணி ரத்தத்தில் கொட்டி, உறைதலைக் கிளப்புகிறது.

இந்தச் சைட்டோகைன்களில் உறைதலைத் தூண்டுவதில் யார் முதன்மை? 1990-களில் சிம்பன்சிகளில் செய்த சோதனைகள் எதிர்பாராத பதிலைத் தந்தன. எண்டோடாக்சின் செலுத்தியபின் டி.என்.எஃப்.-ஐ மட்டும் தடுத்தபோது உறைதல் நிற்கவில்லை. இன்டர்லூக்கின்-6-ஐத் தடுத்தபோதுதான் உறைதல் தணிந்தது. அதே சமயம் டி.என்.எஃப். கரைத்தல் மண்டலத்தில் தெளிவாகக் கைவைத்திருந்தது. உறைந்த ஃபைப்ரினைக் கரைக்கும் பிளாஸ்மின் முதலில் ஒரு வேகத்தோடு எழும், பிறகு பி.ஏ.ஐ.-1 என்ற தடைப் புரதம் ஏறி அதை அடக்கிவிடும். இந்த இரண்டாம் கட்டம் நீண்டு நிற்கும். எனவே ரத்தக் கட்டி உருவாவதும் கூடுகிறது, உருவான கட்டி கரைவதும் குறைகிறது. தொற்றால் உடலே சீர்குலையும் செப்சிஸ் கடுமையாகும்போது சிறு குழாய்களில் ஃபைப்ரின் படிந்து சிறுநீரகம், நுரையீரல் போன்ற உறுப்புகள் செயலிழப்பதன் பின்னணியில் இந்த இரட்டைக் கோளாறு இருக்கிறது.

கல்லீரலும் மஜ்ஜையும் இப்போது உள்ளே வருகின்றன. இன்டர்லூக்கின்-6 கல்லீரலுக்குப் போய், சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதத்தையும், ஃபைப்ரினின் மூலப்பொருளான ஃபைப்ரினோஜனையும் நிறைய தயாரிக்கச் சொல்கிறது. ஃபைப்ரினோஜன் சாதாரணமாக ஒரு டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மி.கி.; அழற்சியில் இரட்டிப்பாவது சகஜம். அழற்சியில் ஈ.எஸ்.ஆர்., அதாவது சிவப்பணுக்கள் குழாயில் கீழே படியும் வேகம், ஏறுவதற்கும் இதுவே பெரிய காரணம்: ஃபைப்ரினோஜன் சிவப்பணுக்களை அடுக்கடுக்காகச் சேர்த்து சீக்கிரம் கீழே இறங்க வைக்கிறது. ஃபைப்ரினோஜன் அதிகமானால் உறைவதற்கான மூலப்பொருள் அதிகம், தட்டணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் பாலமும் அதிகம்.

அதே இன்டர்லூக்கின்-6 கல்லீரலில் த்ராம்போபாயெட்டின் என்ற ஹார்மோனையும் கூட்டுகிறது. அது மஜ்ஜைக்குப் போய் மெகாகேரியோசைட்டுகளை வளர்த்துப் பெருக்கும். அழற்சியில் தட்டணு எண்ணிக்கை 5 லட்சம், 6 லட்சம் என்று ஏறுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். 2012-இல் சூலகப் புற்றுநோயில் இதே வழி உறுதியாகக் காட்டப்பட்டது: புற்றுக்கட்டி இன்டர்லூக்கின்-6-ஐ விடுகிறது, கல்லீரல் த்ராம்போபாயெட்டினை விடுகிறது, தட்டணுக்கள் ஏறுகின்றன. இதை வைத்து ஒன்று சொல்ல வேண்டும். அழற்சியால் ஏறிய தட்டணு எண்ணிக்கையே உறைவுக்கு முக்கியக் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பெரும்பாலும் அழற்சி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அளவுகோல். உண்மையான ஆபத்து, மேலே சொன்ன சுவரிலும் மோனோசைட்டிலும் இருக்கிறது.

இப்போது இறங்குவது. செப்சிஸ் கடுமையானால் எண்ணிக்கை குறைகிறது. தட்டணுக்கள் குழாய்ச் சுவர்களிலும் வெள்ளணுக்களிலும் ஒட்டிச் செலவாகின்றன. உருவாகும் வேகத்தைவிடப் போகும் வேகம் அதிகம். உறைதல் எங்கும் பரவிவிட்டால் தட்டணுவோடு உறைதல் காரணிகளும் தீர்ந்து, கட்டிகளும் ரத்தப்போக்கும் ஒரே உடலில் சேர்ந்து நிற்கும், டி.ஐ.சி. என்று சொல்லும் அந்த நிலை மிக ஆபத்தானது. வைரஸ் காய்ச்சலில் இன்னொரு காரணமும் சேர்கிறது: வைரஸை எதிர்க்கும் சைட்டோகைனான இன்டர்ஃபெரான் மஜ்ஜையில் தட்டணு உற்பத்தியைத் தணிக்கும். தட்டணு அளவு மீறி ஏறும் எசென்ஷியல் த்ராம்போசைத்தீமியா நோய்க்கு இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவையே மருந்தாகத் தருவது இதனால்தான். ஆக, மெதுவான, நாட்பட்ட அழற்சியில் உற்பத்தி வெல்கிறது. திடீர்க் கடும் தொற்றில் செலவு வெல்கிறது.

இதுவரை சைட்டோகைன் பேசுவதையும் ரத்தம் கேட்பதையும் சொன்னேன். பதில் பேச்சும் உண்டு. 1998-இல், தூண்டப்பட்ட தட்டணுக்கள் சிடி40 லிகண்ட் என்ற மூலக்கூறைச் சில நொடிகளிலேயே மேலே கொண்டுவருவதும், அது சுவர் அணுக்களைத் தொட்டு அழற்சிச் சமிக்ஞைகளை வெளியிட வைப்பதும் வெளியிடப்பட்டது. அதற்குமுன் அது டி-அணுக்களுக்கு மட்டுமே சொந்தம் என்று கருதப்பட்டது. ரத்தத்தில் கரைந்து சுற்றும் சிடி40 லிகண்டில் பெரும்பங்கு தட்டணுவிடமிருந்தே வருகிறது. பிறகு உட்கருவே இல்லாத தட்டணு இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தானே தயாரிக்கிறது என்று தெரிந்தது. மெகாகேரியோசைட்டிடமிருந்து பெற்ற, இன்னும் திருத்தப்படாத ஆர்.என்.ஏ.-வைத் தூண்டுதல் வந்தபின் திருத்தி, அதிலிருந்து புரதம் செய்கிறது. உட்கரு இல்லாவிட்டால் புரதம் எப்படிச் செய்வது என்று மருத்துவ மாணவர்கள் கேட்கும் கேள்விக்கு இது நேரடி விடை. இப்படி வெளிவரும் இன்டர்லூக்கின்-1 மீண்டும் சுவரையும் மோனோசைட்டையும் தூண்டுகிறது.

நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் இந்த உரையாடலில் கடைசியாக அறியப்பட்டவை. 2004-இல் அவை தங்கள் டி.என்.ஏ.-வையே வலையாக வீசி பாக்டீரியாவைப் பிடிக்கும் நெட்ஸ் பற்றிய முதல் கட்டுரை வந்தது. 2007-இல், பாக்டீரியாவை உணரும் டி.எல்.ஆர்.-4 தட்டணுவிலும் இருப்பதும், அதன் வழி தூண்டப்பட்ட தட்டணு நியூட்ரோஃபிலை வலை வீசச் செய்வதும் காட்டப்பட்டன. 2010-இல் அந்த வலையே தட்டணுவும் சிவப்பணுவும் ஃபைப்ரினும் வந்து சிக்கும் சட்டமாகிறது என்று தெரிந்தது. த்ராம்பினும் சும்மா நிற்பதில்லை: பி.ஏ.ஆர். ஏற்பிகள் மூலம் தட்டணுவையும் சுவரையும் தூண்டுகிறது. இன்டர்லூக்கின்-1 ஆல்ஃபாவை வெட்டி வலிமையாக்குவதும் 2019-இல் தெரிந்தது. உறைதல் அழற்சியைக் கூட்டுகிறது, அழற்சி உறைதலைக் கூட்டுகிறது. சுற்று ஒருமுறை சுழன்றுவிட்டால், முதலில் தூண்டியது எது என்பதே முக்கியமில்லாமல் போகிறது.

இப்படி ஆபத்தான ஏற்பாட்டை உடல் ஏன் வைத்திருக்கிறது? குதிரை லாட நண்டின் ரத்தத்தைப் பாருங்கள். அதற்கு நம்மைப் போல் ஆன்டிபாடிகள் கிடையாது. ரத்த அணுக்கள் பாக்டீரியாவின் எண்டோடாக்சினைக் கண்ட உடனே உறைந்து கிருமியைச் சுற்றி வளைத்துவிடும். 1956-இல் ஃபிரடரிக் பேங் இதைப் பதிவு செய்தார். இதிலிருந்து வந்த எல்.ஏ.எல். சோதனையை வைத்துத்தான் ஊசி மருந்துகளில் எண்டோடாக்சின் இருக்கிறதா என்று பல்லாண்டுகளாகப் பார்த்துவருகிறோம். அந்த உயிரினத்தில் உறைதலும் நோயெதிர்ப்பும் ஒரே செயல். நம்மிடம் அவை பிரிந்து வளர்ந்தன, ஆனால் வேர் விலகவில்லை. கிருமி பரவாமல் சிறு குழாய்களை அடைப்பது பாதுகாப்புதான் என்ற கருத்துக்கு 2013-இல் இம்யூனோத்ராம்போசிஸ் என்று பெயர் கிடைத்தது. நான் அந்தக் கருத்தை ஏற்கிறேன். இந்தப் பாதுகாப்பு அளவு மீறினாலோ, தொற்றே இல்லாத மூட்டுவாதத்தில் வீணாகத் தூண்டப்பட்டாலோ, நோயாகிறது.

இதனால்தான் ஒரே ஒரு இடத்தைத் தடுத்துச் சிகிச்சை செய்வது எளிதல்ல. மருத்துவ வரலாறு இதில் நிறையக் கற்றுத் தருகிறது. செயல்படும் புரதம் சி பாபூன் குரங்குகளை ஈ.கோலை செப்சிஸிலிருந்து காத்தது. 2001-இல் அது ட்ரோட்ரெகோஜின் ஆல்ஃபா என்ற மருந்தாக ஒப்புதல் பெற்றது. பிற்பாடு நடந்த சோதனையில் உயிர் காக்கும் பலன் தெரியாததால் 2011 அக்டோபரில் விலக்கிக்கொள்ளப்பட்டது. உறைதலின் ஒரு கண்ணியை மாற்றினால் செப்சிஸ் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி.

மாறாக, சைட்டோகைன் பக்கமிருந்து தொடங்கியபோது சில இடங்களில் பலன் கிடைத்தது. 2017-இல் வெளியான கேன்டோஸ் சோதனையில், மாரடைப்பு வந்து சி.ஆர்.பி. உயர்ந்திருந்த 10,061 பேரைச் சேர்த்தார்கள். இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனாகினுமாப் 150 மி.கி. அளவில், மாரடைப்பு, பக்கவாதம், இதயம் சார்ந்த மரணம் ஆகியவற்றின் கூட்டு ஆபத்தை சுமார் 15 சதவீதம் குறைத்தது. கொழுப்பை அது மாற்றவில்லை. அழற்சி மட்டுமே இலக்கு, அதுவே பலன் தந்தது என்பதால்தான் அந்தச் சோதனை பெரிதாகப் பேசப்பட்டது. கூடவே உயிர்பறிக்கும் தொற்றுகள் அதிகரித்தன. பாதுகாப்பைக் குறைத்தால் பாதுகாப்பு குறையும், அதில் மர்மம் இல்லை. 2019, 2020-இல் அழற்சியைத் தணிக்கும் மலிவான மருந்தான கோல்சிசின் 0.5 மி.கி. இதய நோயாளிகளிடம் நல்ல பலன் காட்டியது. ஆனால் 2024-இன் பெரிய சோதனை ஒன்று மாரடைப்புக்குப்பின் அதே அளவில் பலனைக் காணவில்லை. எனவே யாருக்கு, எப்போது என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

கோவிட்-19 இதையெல்லாம் சில மாதங்களில் உலகத்தின் கண்முன் கொண்டுவந்தது. ஃபைப்ரினோஜனும், ஃபைப்ரின் கரையும்போது வரும் துணுக்கான டி-டைமரும் எகிறின, நுரையீரல் குழாய்களில் கட்டிகள் வந்தன. தட்டணுவைத் தடுக்கும் ஆஸ்பிரின் சுமார் 15,000 பேரிடம் செய்த ரெகவரி சோதனையில் இறப்பைக் குறைக்கவில்லை. அதே ரெகவரியில் இன்டர்லூக்கின்-6-இன் ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப் குறைத்தது. உறைதலைத் தடுக்கும் ஹெப்பரினின் முழு அளவு, நிலை மோசமாகாத நோயாளிகளுக்கு நன்மை தந்தது, தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்குத் தரவில்லை. நேரம் தவறிய தடுப்பு வேலை செய்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அழற்சியைத் தணிக்கும் மருந்து எல்லாமே உறைதலைத் தணிக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. காக்ஸ்-2 என்ற நொதியைத் தடுக்கும் வலி மருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டணுக்களைத் திரளச் செய்யும் த்ராம்பாக்சேனைத் தட்டணு செய்வது காக்ஸ்-1 வழியாக. சுவர் புரோஸ்டாசைக்ளின் செய்வதில் காக்ஸ்-2-க்குப் பெரும்பங்கு உண்டு. இரண்டாவதை மட்டும் நிறுத்தினால் உறைய வைப்பது அப்படியே நிற்க, அமைதிப்படுத்துவது குறைந்துவிடும். இந்த வகை மருந்தான ரோஃபெகாக்சிப் 2004 செப்டம்பரில் சந்தையிலிருந்து விலக்கப்பட்டதன் பின்னணி இது. மூட்டுவாதத்துக்குத் தரும் ஜானஸ் கைனேஸ் தடுப்பான்களில் டோஃபாசிட்டினிப், வயது 50 அல்லது அதற்கு மேல் ஆகி இதய ஆபத்துக் காரணி உள்ளவர்களிடம், டி.என்.எஃப். தடுப்பான்களை ஒப்பிடும்போது சிரைகளில் ரத்தக் கட்டிகளை அதிகமாக்கியது என்று 2022-இல் வெளியான சோதனை காட்டியது. மருத்துவரிடம் இதைப் பேசிவிட்டுத்தான் இந்த மருந்தைத் தொடங்க வேண்டும்.

கடைசியாக, இந்தக் கேள்வியைக் கேட்டவரின் நிலையில் இருப்பவர்களுக்குச் சில நடைமுறைச் சொற்கள். நாட்பட்ட அழற்சி நோய் இருப்பவர்களுக்கு உறைவு ஆபத்து நோய் தீவிரமாக இருக்கும் நாட்களில்தான் மிக அதிகம். குடல் அழற்சியில் சிரைகளில் ரத்தக் கட்டி வரும் ஆபத்து பொதுமக்களைவிட இரண்டு, மூன்று மடங்கு என்று ஆய்வுகள் சொல்கின்றன. சாதாரண ஃப்ளூவும் அலட்சியப்படுத்தத் தக்கதல்ல: உறுதிசெய்யப்பட்ட ஃப்ளூவுக்குப் பிந்தைய முதல் 7 நாட்களில் மாரடைப்பு ஆபத்து ஆறு மடங்கு அளவுக்கு ஏறியது என்று கனடாவில் செய்த ஆய்வு 2018-இல் வந்தது. தடுப்பூசி போட்டுக்கொள்வதும், மருத்துவமனையில் படுத்திருக்கும்போது உறைவுத் தடுப்பு மருந்து உண்டா என்று கேட்பதும் நல்லது. ஒற்றைத் தட்டணு எண்ணிக்கையைப் பார்த்து நீங்களாகவே ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே தருகிற மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். டோசிலிசுமாப் எடுப்பவர்களுக்கு சி.ஆர்.பி. தாழ்ந்தே இருக்கும், தட்டணுவும் ஃபைப்ரினோஜனும் குறையும். அந்த எண்ணை வைத்து அழற்சியோ தொற்றோ இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் வந்தாலோ, மறுநாள் காலை வரை காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.